கணினியின் விரைவை அளந்தறிதல்

அளத்தல் என்பது மனிதன் கற்ற கலைகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. ஒலியின் காலவளவை வரையறுக்கப் புகுந்த தொல்காப்பியர், கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டனர் என்பதை இலக்கணம் கற்றோர் அறிவர். எவர்க்கும் இயல்பாயமைந்த ஒரு செயலைத் தேர்ந்து, அதனோடு ஒப்புநோக்கிப் பிறிதொன்றன் காலத்தை அறியும் அம்முறை இன்றும் வழக்கொழிந்திலது. கணினியின் விரைவை அளப்போர் செய்வதும் அதனை ஒத்ததே. எல்லாக் கணினிகட்கும் பொதுவான ஒரு வேலையைக் கொடுத்து, அதனை முடித்தற்கு ஒவ்வொன்றும் எத்துணைக் காலம் கொள்கின்றது என்று அவர் நோக்குகின்றனர்.

எமது வடமாகாணத்துக் காணியளவையிலும் இவ்விடயத்துக்கு ஏற்ற ஒரு பாடம் உண்டு. 'பரப்பு' என்னும் அளவு ஈண்டு இருவகைப்படும். வரகுப் பரப்பாயின் 16 கொண்டது ஓர் ஏக்கர். நெற் பரப்பாயின் 24 கொண்டது ஓர் ஏக்கர். சொல் ஒன்று, நிலம் வேறு. எந்தப் பயிரை வைத்து அளந்த பரப்பு என்று கேளாது, வரகுப் பரப்பென்று எண்ணி நெற் பரப்பை வாங்குவோன் தான் எதிர்பார்த்த நிலத்தில் மூன்றிலொரு பங்கை இழப்பான். கணினிச் சந்தையிலும் இத்தகைய இழப்பு நாடோறும் நேர்கின்றது. ஆங்கு ஓர் எண் கூறப்படுகின்றது. எந்த வேலையை வைத்து, எந்நிலையில் அளந்த எண் என்பது கூறப்படுவதில்லை. எண்ணை அதன் நிபந்தனைகளோடு சேர்த்து வாசிக்கும் முறையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப் பட்டதாரியாகிய யான் இத்துறையில் இறங்கியதற்குக் காரணம் ஒன்று உண்டு. கிளிநொச்சி மாவட்டத்தில் யான் கற்பிக்கும் பாடசாலை மாணவர், கனகராயன் ஆற்றின் நீர் இரணைமடுக் குளத்தை அடைந்து, வாய்க்கால் வழியாக வயல்களுக்குப் பாயும் வரலாற்றை 5 நிமிடச் சலனச் சித்திரமாக ஆக்க விரும்பினர். குளத்து நீரும், அணைக்கட்டும், ஆற்றோரத்து மருதமரங்களும், நெல்வயலும் கணினியிலேயே உருவாக்கப்படல் வேண்டும். பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் சிலர் இதற்கெனப் பணம் அனுப்பினர். அப்பணத்தைக் கொண்டு பணிநிலையக் கணினி எனப்படும் பேராற்றல் வாய்ந்த கணினி ஒன்றை வாங்குவதா, அன்றி நடுத்தரமான ஒன்றை வாங்கி, எஞ்சிய பணத்துக்கு வகுப்பறைக்கான எளிய கணினிகள் சிலவற்றை வாங்குவதா என்னும் வினா எழுந்தது. ஒரு கணினியின் முன் ஐவர் நெருங்கியிருந்து பயிலும் வகுப்பறையில் இது வெறும் ஆராய்ச்சி வினா அன்று. விடையை அறிதற்கு அளத்தலன்றி வேறு வழியிருக்கவில்லை.

முதற்கண் 'ரெண்டரிங்' எனத் தொழிலாளர் வழங்கும் காட்சியாக்கம் யாது என்பதைக் காண்போம். ஓவியன் கணினியுள் அமைப்பது உண்மையிற் படமன்று. பொருள்களின் வடிவம், நிறம், மேற்பரப்பின் தன்மை, ஒளி தரும் விளக்கு, நோக்கும் கமெரா ஆகியவற்றின் விபரம் மட்டுமே. அவ்விபரத்திலிருந்து, கமெராவின் நிலையிலிருந்து நோக்கினால் தோன்றும் காட்சியைக் கணக்கிட்டுப் படமாக வரைதலே காட்சியாக்கம். இதற்குக் கணினி படத்தின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒளிக்கதிரைப் பின்னோக்கித் தொடர்கின்றது. கதிர் நீரிற் பட்டால் ஒரு பகுதி தெறிக்கும், ஒரு பகுதி முறிந்து உட்புகும். இலையிற் பட்டால் பல திசையிலும் சிதறும். இவ்வாறு ஒளிமூலத்தை அடையும்வரை, அன்றி ஒளி தேய்ந்து பொருட்படுத்தத் தகாததாகும்வரை, தொடர்தல் வேண்டும்.

இவ்வேலையின் அளவைச் சிறிது கணித்து நோக்குக. இன்று வழங்கும் உயர்தெளிவுப் படமொன்றில் அகலவாக்கில் 1,920 புள்ளிகளும் உயரவாக்கில் 1,080 புள்ளிகளும் உள. இவற்றின் பெருக்கம் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் 100 கதிர்ப்பாதைகளைத் தொடர்ந்தால், ஒரு படத்துக்கு 20 கோடிக்கு மேற்பட்ட பாதைகள் ஆகின்றன. சலனச் சித்திரத்திலோ செக்கன் ஒன்றுக்கு 24 படங்கள் வேண்டும். 5 நிமிடச் சித்திரத்துக்கு 7,200 படங்கள். படமொன்றுக்கு 3 நிமிடம் செல்லுமாயின் மொத்தம் 21,600 நிமிடம். அஃதாவது 360 மணித்தியாலம், இரவு பகலாகப் 15 நாள். படமொன்றுக்கு ஒரு நிமிடம் மிச்சப்பட்டால் 5 நாள் மிச்சப்படும். சிறு நேரவேறுபாடு இத்துறையிற் பெரும்பயன் விளைப்பது இதனாலேயாம்.

இக்கலையின் வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. கதிர் தொடரும் முறையைத் தெறிப்பு, முறிவு, நிழல் ஆகியவற்றுக்கு விரித்துக் காட்டி 1980இல் ரேணர் விற்றட் வெளியிட்ட கட்டுரையில், கண்ணாடிக் கோளமும் சதுரங்கத் தளமும் கொண்ட படமொன்று இடம்பெற்றது. அக்காலத்து வாக்ஸ் கணினியில் அதனை ஆக்க 74 நிமிடம் சென்றது. ஒளி பரவும் முறை முழுவதையும் ஒரே சமன்பாட்டுள் அடக்கி ஜேம்ஸ் கஜியா 1986இல் வெளியிட்டார். முற்றிலும் கணினியாலேயே ஆக்கப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படமாகிய டோய் ஸ்டோரி 1995இல் வெளிவந்தபோது, அதற்கென 117 கணினிகள் இரவு பகலாக உழைத்தன. ஏறத்தாழ 1,14,000 படங்களுக்கு 8,00,000 கணினி மணித்தியாலம் செலவாயிற்று. சராசரி நோக்கின் ஒரு படத்துக்கு 7 மணித்தியாலம். இன்று அதனினும் விரைவான ஒரு கணினி ஒரு மாணவனின் மேசைமீது அமர்ந்திருத்தல் கூடும். ஆயினும் கணினி விரையுந்தோறும் மனிதனின் ஆசையும் விரைகின்றது. முன்னையோர் கனவிலும் கருதாத நுண்மையை இன்றையோர் வேண்டுகின்றனர். ஆதலின் அளக்கும் தேவை குறையவில்லை.

இனி, கணினியின் விரைவை அளக்கும் பொதுச் சோதனையை 'பெஞ்ச்மார்க்' என வழங்குகின்றனர். இச்சொல் நிலஅளவையாளரிடமிருந்து வந்தது. உயரம் அளக்கும் கோலை ஒவ்வொரு முறையும் பிசகாது ஒரே இடத்தில் நிறுத்துதற்பொருட்டுக் கல்லிலே வெட்டப்பட்ட குறியே பழைய பெஞ்ச்மார்க். வன்னியிற் குளத்தின் அணையையும் வாய்க்காலின் சரிவையும் மட்டம் பார்த்தோர் நிலையான குறியொன்றிலிருந்தே தொடங்கினர். குறி அசையுமாயின் கணக்கு முழுவதும் பிழைக்கும். கணினிச் சோதனைக்கும் இதுவே முதல் விதி: ஒப்பிடப்படும் கணினிகள் மாறலாம், கொடுக்கப்படும் வேலை மாறலாகாது.

இவ்விதியைக் காத்தல் எளிதன்று என்பதை அரைநூற்றாண்டு அனுபவம் காட்டுகின்றது. பிரித்தானியாவில் 1972இல் தோன்றிய 'வெற்ஸ்டோன்' என்னும் சோதனை தசமஎண் கணிப்பை அளந்தது. 1984இல் றைன்கோல்ட் வைக்கர் ஆக்கிய 'திறைஸ்டோன்' முழுஎண் வேலைகளை அளந்தது. அச்சோதனை புகழ்பெற்றதும், நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் மென்பொருள்களை ஆக்குவோர் விழிப்படைந்தனர். சோதனையின் சில கணிப்புகளின் விடை எங்கும் பயன்படாமையால் அவற்றைச் செய்யாமலே விடுமாறு அம்மென்பொருள்கள் அமைந்தன. எண் உயர்ந்தது, கணினி விரைந்திலது. 1988இல் நிறுவப்பட்ட ஸ்பெக் என்னும் கூட்டமைப்பு, செயற்கையான சிறுநிரல்களை விடுத்து உண்மைப் பயன்பாட்டு நிரல்களைச் சோதனைக்குக் கொண்டது. ஆங்கும் 'மற்றிக்ஸ்300' என்னும் ஒரு நிரல் மட்டும் மொழிமாற்றும் உத்தியால் பன்மடங்கு விரைவு காட்டத் தொடங்கியமையால், 1992ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்து அது நீக்கப்பட்டது. பரீட்சையில் வரும் வினாக்களை முன்னரே அறிந்து அவற்றை மட்டும் மனனஞ் செய்யும் மாணவனின் புள்ளி அவனது அறிவைக் காட்டாது அன்றோ? ஆசிரியராகிய எமக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஓர் அளவு குறிக்கோளாக மாறியவுடன் அது நல்ல அளவாக இருத்தல் ஒழிகின்றது.

பல சோதனைகளின் விடைகளை ஒன்றாகத் தொகுப்பதிலும் ஒரு பொறி உண்டு. கணிதம் பயிலும் மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். இரண்டாம் கணினி ஒரு சோதனையில் முதலதினும் 4 மடங்கு விரைவானது. மற்றொரு சோதனையில் நாலிலொரு பங்கு விரைவே உடையது எனக் கொள்வோம். 4ஐயும் 0.25ஐயும் கூட்டி இரண்டாற் பிரிப்பின் 2.125 வரும். ஆகவே இரண்டாம் கணினி இருமடங்குக்கு மேல் விரைவானது எனலாமா? முதற் கணினியை இரண்டாவதனோடு இவ்வாறே ஒப்பிடினும் அதே 2.125 வருகின்றது. ஒவ்வொன்றும் மற்றதினும் இருமடங்கு விரைவானது என்பது பொருந்தாக் கூற்று. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காணும் பெருக்கற் சராசரியோ 1 என்னும் விடையைத் தருகின்றது. விகிதங்களைத் தொகுக்கும்போது பெருக்கற் சராசரியே ஏற்றது எனப் பிளெமிங், வாலஸ் என்னும் இருவர் 1986இல் எடுத்துக்காட்டினர். விலைப்பட்டியலிற் காணும் 'சராசரி' எத்தகையது என்று கேட்டல் வாங்குவோனின் உரிமையாகும்.

காட்சியாக்கத்துக்கெனச் சிறப்பாக அமைந்த பொதுச் சோதனைகளுள் இரண்டு பெரிதும் வழக்கிலுள்ளன. ஒன்று, ஜேர்மனியின் மக்சன் கம்பனி வெளியிடும் 'சினிபெஞ்ச்'. அஃது ஒரு காட்சியைக் கணினியின் முறைவழியாக்கியைக் கொண்டு வரைவித்து, முடிவைப் புள்ளியாகத் தருகின்றது. மற்றொன்று 'பிளெண்டர்' என்னும் இலவச மென்பொருளுக்குரிய சோதனை. பிளெண்டர், நெதர்லாந்தைச் சேர்ந்த தொன் ரூசெண்டால் என்பவர் தொடங்கியது. 2002ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், பயனர்கள் திரட்டிய 1,00,000 யூரோவினால் கடன்காரரிடமிருந்து மீட்கப்பட்டுப் பொதுவுடைமையாயிற்று. அதற்கெனத் தொடங்கிய திறந்த தரவுத்தளத்தில் 2018 முதல் உலகெங்கும் உள்ளோர் தத்தம் கணினியின் அளவைப் பதிவுசெய்து வருகின்றனர். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை கதிர்மாதிரிகள் கணிக்கப்பட்டன என்பதே அதன் அளவு. மூன்று காட்சிகளில் தனித்தனி அளந்து கூட்டுகின்றனர்.

இவ்விடத்தில் எனது பிழையொன்றை ஒளியாது கூறுதல் வேண்டும். இரு வணிகரிடம் விலைப்பட்டியல் பெற்றேம். இரண்டிலும் சினிபெஞ்ச் புள்ளி குறிக்கப்பட்டிருந்தது. ஒன்றின் புள்ளி மற்றதின் இருமடங்குக்கும் மேலாக இருந்தமையால், விலை மிகுதியாயினும் அதனையே வாங்குதல் நன்று என யான் குழுவினருக்கு எழுதினேன். பணத்தை அனுப்புதற்கு முதல்நாள், என் மாணவன் ஒருவன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "சேர், ஒன்றில் ஆர்20 என்றும் மற்றதில் ஆர்23 என்றும் இருக்கிறது" என்றான். ஆர்20 என்பது 2019இல் வந்த பதிப்பு. ஆர்23 என்பது 2020இல் வந்தது. இரண்டன் புள்ளிகளும் வெவ்வேறு அளவுகோலிற் கணிக்கப்படுவன. ஒரே கணினியே ஆர்23இல் ஆர்20ஐ விட இருமடங்குக்கும் மேற்பட்ட புள்ளியைப் பெறும். நெற் பரப்பையும் வரகுப் பரப்பையும் ஒன்றாக எண்ணியவன் யானே. இரு கணினிகளும் ஏறத்தாழ ஒரே விரைவினவாக இருந்தன. அன்று அம்மாணவன் வாய்திறவாது இருந்திருப்பின், பிறர் உழைத்தனுப்பிய பணம் என் அறியாமையால் வீணாகியிருக்கும்.

பதிப்பு ஒன்றாயிருப்பினும் பொதுச் சோதனை மறைத்துவிடும் உண்மைகள் நான்கு உள. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, நினைவகத்தின் கொள்ளளவு. காட்சியாக்கத்தை இன்று பெரும்பாலும் கிராபிக்ஸ் அட்டையே செய்கின்றது. அவ்வட்டைக்குத் தனியான நினைவகம் உண்டு. சோதனைக் காட்சி அதனுள் அடங்குமாறு அமைக்கப்பட்டிருக்கலாம். எமது காட்சியிலோ மருதமரம் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான இலைகள். காட்சி அட்டையின் நினைவகத்தைக் கடந்துவிடின், வேலை பெரிதும் தாமதமாகும். அன்றி முற்றாக நின்றுவிடும். விரைவு மிக்க அட்டையாயினும் கொள்ளாத சுமையை அஃது இழுக்க மாட்டாது. ஒரே மரத்தின் வடிவத்தை ஒருமுறை மட்டும் நினைவகத்தில் வைத்து, அதனையே பலவிடத்தும் தோன்றச் செய்யும் உத்தி பிளெண்டரில் உண்டு. அதனைக் கற்றபின் எமது காட்சி சிறிய அட்டையிலும் அடங்கிற்று. பணம் செய்யாததை அறிவு செய்தது.

இரண்டாவது, கருக்களின் எண்ணிக்கை. 'கோர்' என வணிகர் கூறும் கருக்கள் ஒரு முறைவழியாக்கியில் 8, 16, 32 எனப் பெருகியுள்ளன. கரு இருமடங்காயின் விரைவும் இருமடங்காகும் எனக் கருதுவோர் பலர். ஜீன் அம்டால் 1967இல் எடுத்துக்காட்டிய விதி இதனை மறுக்கின்றது. ஒரு வேலை 100 நிமிடம் கொள்வது. அதில் 90 நிமிடப் பகுதியைப் பல கருக்கள் பகிர்ந்து செய்யலாம், 10 நிமிடப் பகுதியை ஒன்றே செய்தல் வேண்டும் எனக் கொள்க. 8 கருக்கள் இருப்பின் 90 நிமிடம் 11.25 நிமிடமாகும், பத்தைக் கூட்டினால் 21.25 நிமிடம். விரைவு 8 மடங்கன்று, ஏறத்தாழ 4.7 மடங்கே. எண்ணிறந்த கருக்கள் இருப்பினும் அந்தப் 10 நிமிடம் குறையாது. விரைவு 10 மடங்கைக் கடவாது. ஒளிக்கதிர் தொடரும் வேலை பகிர்தற்கு மிக ஏற்றது. ஆயின் காட்சியைக் கோப்பிலிருந்து எடுத்து ஒழுங்குசெய்யும் வேலை பெரும்பாலும் அத்தகையதன்று. நீண்ட படமொன்றை மட்டும் வரைவிக்கும் பொதுச் சோதனையில் இத்தொடக்க வேலை தோன்றாது. 7,200 படங்களை ஒவ்வொன்றாக வரைவிக்கும்போது அது 7,200 முறை தோன்றும்.

மூன்றாவது, வெப்பம். முறைவழியாக்கி ஏறத்தாழ 95 முதல் 100 பாகை செல்சியசு வெப்பநிலையை அடையும்போது, தன்னைக் காத்துக்கொள்ளுமுகமாகத் தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்கின்றது. சோதனை ஓரிரு நிமிடத்தில் முடிவதாயின், கணினி சூடேறுமுன் சோதனை முடிந்துவிடும். இதனாலேயே ஆர்23 பதிப்பில், முன்னிருந்ததுபோல் ஒருமுறை மட்டும் ஓட்டாது, 10 நிமிடம் தொடர்ந்து ஓட்டும் வழக்கம் புகுத்தப்பட்டது. குளிரூட்டிய அறையில் அளந்த எண் வன்னிக்குப் பொருந்தாது. அறையின் வெப்பம் 10 பாகை உயர்ந்தால், அதே வேலையைச் செய்யும் முறைவழியாக்கியின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே உயரும். சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரையின் கீழ், சோளகக் காற்றுக் கொணரும் புழுதி விசிறியில் அடைத்திருக்க, அக்கணினி நாள் முழுதும் உழைத்தல் வேண்டும். எமது பரிசோதனையில் காலையில் தொடங்கிய ஓட்டத்தைவிட நண்பகலுக்குப் பின் தொடங்கிய ஓட்டம் தெளிவாகத் தாமதமாயிற்று. கணினியின் பக்கத்தட்டைத் திறந்து புழுதியைப் போக்கியபின் அவ்வேறுபாடு சுருங்கிற்று.

நான்காவது, மின்சாரம். இதனையும் ஓர் உதாரணத்தால் விளக்குவாம். முதற் கணினி ஒரு படத்துக்கு 3 நிமிடம் கொண்டு 300 வாற்று மின்வலுவை நுகர்வது. இரண்டாவது 2 நிமிடம் கொண்டு 600 வாற்று நுகர்வது எனக் கொள்க. 7,200 படங்களுக்கு முதலது 360 மணித்தியாலம், இரண்டாவது 240 மணித்தியாலம். விரைவில் இரண்டாவதே சிறந்தது. ஆயின் மின்னலகை நோக்கின் முதலது 108 அலகும் இரண்டாவது 144 அலகும் செலவிடும். ஐந்து நாள் முன்னதாக முடித்தற்கு 36 அலகு மிகையாகக் கொடுக்கின்றோம். திரைப்படக் கம்பனிக்கு அந்த ஐந்து நாள் பெரும்பொருள். பாடசாலை விடுமுறையில் இயங்கும் கணினிக்கோ அது பொருளன்று. அன்றியும், மின்தடை எமக்குப் புதிதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திலர். சலனச் சித்திரத்தை ஒரே கோப்பாக ஆக்காது, ஒவ்வொரு படத்தையும் தனித்தனிக் கோப்பாகச் சேமிப்பின், மின் தடைப்படும்போது அப்பொழுது வரைந்துகொண்டிருக்கும் ஒரு படம் மட்டுமே அழியும். இவ்வொழுங்கு எந்தப் புள்ளிப் பட்டியலிலும் காணப்படாத விரைவைத் தருகின்றது.

அவ்வாறாயின் அளக்கும் முறை யாது? எமது அனுபவத்தில் பயன்தந்த ஒழுங்கைக் கூறுகின்றேன். பொதுச் சோதனையின் புள்ளியைக் கொண்டு பொருந்தாத கணினிகளைக் கழித்துவிடலாம். இறுதித் தெரிவை அதனைக்கொண்டு செய்தலாகாது. தான் செய்யவிருக்கும் வேலையிலிருந்தே ஒரு காட்சியைத் தேர்தல் வேண்டும். நாம் தெறிப்பு மிகுந்த குளத்துக் காட்சியொன்றையும், இலை மிகுந்த மரக்காட்சியொன்றையும், எளிய வயற்காட்சியொன்றையும் தேர்ந்தேம். மென்பொருளின் பதிப்பு, படத்தின் அளவு, கதிர்மாதிரிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் எல்லாக் கணினியிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். முதல் ஓட்டத்தைக் கணக்கிற் சேர்த்தலாகாது. மென்பொருள் தனக்கு வேண்டியவற்றை ஒழுங்குசெய்யும் காலமும் அதில் அடங்கும். பின்னர்க் குறைந்தது மூன்று முறை அளந்து, ஏறுவரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைக் கொள்ளுதல் நன்று. இறுதியாக, நண்பகலில் ஒரு மணித்தியாலமாயினும் இடைவிடாது ஓட்டி, முதற் பத்து நிமிடத்தின் விரைவையும் கடைப் பத்து நிமிடத்தின் விரைவையும் ஒப்பிடுதல் வேண்டும்.

கதிர்மாதிரிகளைப் பற்றி ஒரு சொல். மாதிரி குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோன்ற மாசு தோன்றும். அம்மாசைப் பாதியாக்க வேண்டின் மாதிரியை நான்கு மடங்காக்கல் வேண்டும் என்பது புள்ளிவிபரவியலின் விதி. அஃதாவது, இருமடங்கு தூய்மைக்கு நான்கு மடங்கு காலம். எனவே படத்தின் தரத்தைக் கூறாது காலத்தை மட்டும் கூறுவோன் எதனையும் கூறியவனல்லன். எமது மாணவர் வெவ்வேறு மாதிரி எண்ணிக்கையில் வரைந்த படங்களை வகுப்பிற் காட்டி, எது எதுவென்று கூறாது, வேறுபாடு தெரிகின்றதா எனக் கேட்டனர். ஓர் அளவுக்கு மேல் எவராலும் வேறுபாடு காண இயலவில்லை. அவ்வளவே எமக்குப் போதிய தரம் என முடிவுசெய்தேம்.

இவற்றின் பயனாக எமது வினாவுக்கு விடை கிடைத்தது. நடுத்தரக் கணினி எமது சித்திரத்தை ஒரு விடுமுறைக்குள் முடிக்கவல்லது எனக் கணக்குக் காட்டிற்று. பெரிய கணினி அதனைச் சில நாள் முன்னதாக முடிக்கும். அதற்குமேல் எமக்கு ஒன்றும் செய்யாது. ஆகவே நடுத்தரமானதையே வாங்கி, எஞ்சிய பணத்தில் வகுப்பறைக்கு எளிய கணினிகளையும், மின் தடைப்படும்போது கைகொடுக்கும் மின்கலச் சாதனத்தையும் வாங்கினேம். பணம் அனுப்பியோருக்கு முடிவை மட்டும் எழுதாது, அளந்த முறையையும் அட்டவணையையும் எனது பிழையையும் சேர்த்தே எழுதினேன். அவருள் பொறியியலாளர் ஒருவர், அட்டவணையைக் கண்டபின் எமது முடிவிற் குறைகூற இயலவில்லை என்று மறுமொழி எழுதினார். புள்ளிப் பட்டியலை மட்டும் அனுப்பியிருப்பின் அம்மறுமொழி வந்திராது.

பெரிய கருவி இல்லாவிடிற் பெரிய ஆக்கம் இல்லை என்று சோர்வோருக்கு அண்மைக்காலச் சான்றொன்று உண்டு. லத்வியா என்னும் சிறுநாட்டைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பாலோடிஸ், 'புளோ' என்னும் சலனச் சித்திரத்தைச் சிறு குழுவொன்றைக் கொண்டு, இலவச மென்பொருளாகிய பிளெண்டரிலேயே ஆக்கினார். 2024இல் வெளிவந்த அப்படம் 2025இல் ஒஸ்கார் விருது பெற்றது. அவர் ஒளிக்கதிர்களை முற்றாகத் தொடரும் 'சைக்கிள்ஸ்' முறையை விடுத்து, விரைந்து வரையும் 'ஈவீ' முறையைத் தேர்ந்தார். அப்படத்தின் அழகுக்கு அம்முறை போதுமானதாயிற்று. கருவியின் விரைவை மட்டுமன்றி, முறையின் தகுதியையும் அறிந்து தெரிதல் கலைஞனின் கடன் என்பதை இதனால் அறிகின்றோம்.

இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. எமது மாணவர் அவற்றினுள் நுழையும்போது, இங்கு கூறிய கணினிகளும் சோதனைகளும் பழையன ஆகிவிடும். புதிய பெயர்களும் புதிய எண்களும் அவர்முன் வைக்கப்படும். ஆயின் அவர் கேட்கவேண்டிய வினாக்கள் மாறா: இஃது எந்த வேலையை வைத்து அளந்தது? எந்த நிலையில் அளந்தது? அளந்தவர் யார், அவருக்கு அதனால் வரும் ஊதியம் யாது? என் வேலைக்கும் என் ஊருக்கும் அது பொருந்துமா? உறுதியைக் கையிலெடுத்ததும் "நெற் பரப்போ, வரகுப் பரப்போ?" என்று கேட்ட எம் முன்னோர் பள்ளிக்கூடம் சென்றவரல்லர் எனினும், அளவையின் இலக்கணத்தை அறிந்திருந்தனர். எனக்கு அதனை நினைவூட்டியவன் பதினாறு வயது நிரம்பாத ஒரு மாணவன். அவன் அன்று கேட்டதுபோல் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒருவன் கேட்பானாயின், எமது பாடசாலைகளுக்கு வரும் சிறுபணமும் பெரும்பயன் விளைக்கும்.